ஒரே இழுப்பில் அவிழும் கட்டு

வெள்ளிக்கிழமை, காலை 5.50. உப்புவெளியில் மச்சாள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு இரண்டு சைக்கிள்கள் வீதிக்கு இறங்கின. ஒன்றில் நான், மற்றதில் மச்சாள், என் கணவரின் தங்கை ராசமலர். எனக்கு வயது ஐம்பத்தொன்பது, அவளுக்கு ஐம்பத்தாறு. நான் ஏறியிருந்தது அவளுடைய மகளின் சைக்கிள். குச்சவெளி வரை முப்பது கிலோமீற்றர் மிதித்துப் போய், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அதே முப்பதையும் மிதித்துத் திரும்புவது. பிறகு ஐந்தரை மணி பஸ்ஸில் நான் வவுனியாவுக்குப் போய்விடுவது. இதுதான் திட்டம். முதல்நாள் போனில் இதைக் கேட்ட என் கணவர், "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரோ?" என்றார். விசர்தான். வேறென்ன?

போகும்போது ஒரு குறையும் இல்லை. நிலாவெளியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணீரும் வடையும் இரண்டு பேருக்கும் 260 ரூபாய். இறக்கக்கண்டிப் பாலத்தில் இறங்கி நின்று, ஒரு பக்கம் களப்பின் அசையாத தண்ணீரையும் மறுபக்கம் கடலையும் பார்த்தோம். பாலத்தின் இரு முனையிலும் வீதி கொஞ்சம் பதிந்து கிடந்தது. சைக்கிள் ஏறும்போது முதுகெலும்பு வரை ஒரு குலுக்கல். அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

காலை 10.15. குச்சவெளிக்குள் நுழைந்ததும் மச்சாளின் பின்டயர் வெடித்தது. டியூப் மட்டுமல்ல, டயரும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் சைக்கிள் கடை பூட்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்து திறப்பார்கள் என்று சொன்னார்கள், முடிந்தும் திறக்கவில்லை. சாப்பிட்ட கடைக்காரர்தான் வழி சொன்னார். மீன் ஏற்றிக்கொண்டு ஒரு கெப் வாகனம் தினமும் பின்னேரம் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் போகிறதாம், பின்பெட்டியில் இடம் இருந்தால் ஏற்றுவார்களாம்.

பி.ப. 2.30. கெப் வந்து நின்றது. சாரதியின் பெயர் ரிஸ்வான், நாற்பது வயது இருக்கும். பத்து வருடம் கடலுக்குப் போனவர், இப்போது முதலாளி ஒருவருக்கு இந்த வாகனத்தை ஓட்டுகிறார். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றார்கள். அவருடைய தொலைபேசி எண் கதவில் மஞ்சள் மையில் பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு பேருக்கும் இரண்டு சைக்கிளுக்குமாக 2,500 ரூபாய் பேசினோம்.

ஏற்றிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் மீனும் ஐஸுமாக, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள். அவற்றின் மேல் பழைய வலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டார். அதன்மேல் மச்சாளின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீற்றும் கைபிடியும் வலைக்குள் புதையும்படி வைத்து, முன்பக்கத்தில் ஒரு கயிற்றால் கட்டினார். மகளின் சைக்கிளை அதற்குமேல் சாய்த்து, வேறொரு கயிற்றைச் சட்டத்துக்குள்ளால் இரண்டு தரம் கொடுத்து, பின்பக்கக் கம்பியில் கொண்டுவந்து முடித்தார். கயிற்றை இழுக்கையில் ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி உடம்பையே பின்னால் எறிந்தார், அதுவரை நல்லது. ஆனால் முடிச்சு! கடைசிச் சுற்றில் கயிற்றை முழுதாக உள்ளே விடாமல், மடித்து ஒரு கண்ணாக மட்டும் செருகி, மிச்ச நுனியை ஒரு முழ நீளத்துக்கு அப்படியே தொங்கவிட்டார். பிறகு வாகனத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு கட்டையும் கையால் அமத்திப் பார்த்தார்.

நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள். சாக்குக் கட்டுவதென்றால் நுனி வெளியே தெரியக்கூடாது. தொங்கும் நுனியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இது விழாதோ என்று கேட்டேன். விழாது அக்கா, என்று மட்டும் சொன்னார். நான் முகத்தைச் சுழித்துக்கொண்டு முன்னால் ஏறினேன்.

பி.ப. 3.15. இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது, வீதியோரப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்காக ரிஸ்வான் வாகனத்தை நிறுத்தினார். பத்து நிமிடம் என்றார். நாங்கள் கால் நீட்ட இறங்கினோம். அந்த நுனி கம்பியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவதுபோல. நான் போனேன். நுனியைப் பிடித்து ஒரு சின்ன இழுப்பு இழுத்தேன். கொஞ்சம் நீண்டு வந்தது. தளர்ந்திருந்ததை இறுக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. மிஞ்சியதைக் கம்பியைச் சுற்றி மூன்று முடிச்சு. கந்தோர் முடிச்சு, நகம் உடைந்தாலும் அவிழாது.

"பாத்தியோ, கட்டெண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்று மச்சாளுக்குச் சொன்னேன். அவள் பாலைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரிஸ்வான் அவசரமாக வந்து ஏறினார். ஐஸ் கரைகிறது என்றார். வாகனம் வெளிக்கிட்டது.

பி.ப. 3.31. நேரத்தைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணம் என் கண் வாகனத்தின் மணிக்கூட்டில்தான் இருந்தது. பாலத்தின் முனைப் பள்ளத்தில் வாகனம் ஏறி விழுந்தது. பின்னால் ஒரு சத்தம், இரும்பு தாரில் இழுபடும் சத்தம். அதோடு ஒரு பெண்ணின் கூக்குரல். நான் திரும்பிப் பார்த்தேன். ஐயோ, அதை எப்படி எழுதுவேன்? மகளின் சைக்கிள் நடுவீதியில் கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. ஒரு மனிதர் முழங்காலில். ஒரு பெண் வீதியில் இருந்தபடி ஒரு பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. அழாமல் இருந்ததுதான் என்னைக் கொன்றது.

பிறகு அழுதது. கடவுளே, அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. முழங்கால் உரசியிருந்தது, அவ்வளவுதான். தகப்பனுக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. சைக்கிள் முன்னால் விழுந்ததும் அவர் மோட்டார் சைக்கிளை மணலுக்குத் திருப்பியிருக்கிறார். இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லோரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

பாலத்தடியில் மீன் வாங்க நின்றவர்கள், தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்கள், இருபது பேர் கூடிவிட்டார்கள். அந்த இருபது பேருக்கும் நடுவில் நின்று ரிஸ்வானைப் பிடித்தேன். பெட்டி கட்டுகிற மாதிரிச் சைக்கிளைக் கட்டலாமா என்று கேட்டேன். அந்தக் கட்டு விழும் என்று அப்பவே தெரியும், கேட்டேனே, விழாது என்று சொன்னாயே என்றேன். நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவள் நீ என்று இறங்கிவிட்டேன். கூட்டமும் என்னோடு சேர்ந்துகொண்டது. கடைக்காரர் ஒருவர், மனிதரைக் கொல்லவா வாகனம் ஓட்டுகிறாய் என்று அவரைத் தோளில் தள்ளினார்.

ரிஸ்வான் முதலில் குழந்தையின் காலைக் கழுவினார். தகப்பனின் கைக்குத் துணி கட்டினார். அதற்குப் பிறகுதான் வாகனத்தின் பின்பக்கம் போனார். அங்கே என் மூன்று முடிச்சும் கம்பியில் குண்டாக இருந்தன. கயிறு மட்டும் தளர்ந்து கிடந்தது. அவர் முடிச்சுகளைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார்; நேரம் எடுத்தது. அந்தப் பார்வையை நான் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? கதவில் இருந்த எண்ணைப் பார்த்து ஹாஜியாருக்கு அழைத்து, உங்கள் சாரதி மூன்று பேரைக் கொல்லப் பார்த்தான் என்று சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, இங்கே வரட்டும், வாகனத் திறப்பை வாங்கிக்கொள்கிறேன், இனி அவன் ஓட்டத் தேவையில்லை என்றார். அந்தப் பதிலில் எனக்கு ஒரு திருப்தி. எழுதவே கை கூசுகிறது.

திரும்ப வாகனத்தில் ஏறினோம். நிலாவெளி தாண்டியதும் மச்சாள் மெதுவாக, "மச்சாள், நீ அந்தக் கயித்தை…" என்று தொடங்கினாள்.

"நான் கட்டினபடியால்தான் மற்றதும் விழேல்ல" என்று அவள் வாயை அடைத்தேன்.

பி.ப. 4.40. திருகோணமலை, துறைமுகத்தை ஒட்டிய மீன் இறக்கும் இடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கரையில் மலைகளும் கடற்படைப் படகுகளும். குப்பைத் தொட்டியடியில் இரண்டு மான்கள் வாழையிலையை இழுத்துக்கொண்டு நின்றன. அங்கே மான்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எழும்பவில்லை. கையை மட்டும் நீட்டினார். ரிஸ்வான் திறப்பை அந்தக் கையில் வைத்தார். ஒரு சொல் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"சைக்கிள இறக்கிக் குடுத்துட்டுப் போ" என்றார் ஹாஜியார்.

இறக்கினார். மகளின் சைக்கிளைப் பாலத்தடியில் எப்படிக் கட்டினார் என்று நான் பார்க்கவில்லை, அப்போது நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தேன். அதே கண், அதே தொங்கும் நுனி. நுனியை இரண்டு விரலால் பிடித்து ஒரு சின்ன இழுப்பு இழுத்தார். அவ்வளவு பெரிய கட்டும் பொலபொலவென்று கழன்று காலடியில் விழுந்தது. முன்பக்கக் கட்டும் அப்படியே, ஒரு இழுப்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிவாசல் வாசலில் என் கையில் நீண்டு வந்த கயிறு இறுகி வரவில்லை, பாதி அவிழ்ந்து வந்திருக்கிறது; மிச்சம் பாலத்துக் குலுக்கலில் கழன்றிருக்கிறது. அதற்குமேல் போட்ட என் மூன்று முடிச்சும் வெறும் வாலில் போட்ட முடிச்சு. கொல்லப் பார்த்தது யார்?

"ஏன் தம்பி இப்பிடிக் கட்டுறனீங்கள்?" என்று கேட்டேன்.

"கடல்ல போறவன் இறுக்கி முடிச்சுப் போட மாட்டான் அக்கா. வலை கல்லுல மாட்டினா, போட் சரிஞ்சா, ஒரே இழுவையில அவிழணும். கத்தி தேடிக்கிட்டு நிக்க ஏலா."

"பாலத்தடியில உங்களுக்கு விளங்கினதுதானே? ஏன் சொல்லேல்ல?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கட்டினவன் நான். தொழுதுட்டு வந்து திரும்பக் கைவச்சுப் பார்த்திருக்கணும். பார்க்கல்ல. அது என்ட பிழைதான். அந்த நேரம் அத்தன பேருக்கு முன்னால உங்கட பிழையச் சொன்னா, உங்களையெல்லோ பிடிச்சிருப்பாங்க."

நான் ஹாஜியாரிடம் போய், கயிற்றை அவிழ்த்தது நான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போனில் ஒரு கதை, இப்போது பாவம் பார்த்து இன்னொரு கதையா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வாய்க்கு இனி மதிப்பில்லை என்று தெரிந்தது. ரிஸ்வானிடம் சைக்கிளை இன்னொரு தரம் ஏற்றிக் கட்டச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கட்டினார். ஹாஜியாரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, பள்ளிவாசலடியில் செய்ததை அப்படியே செய்து காட்டினேன்: நுனியில் ஒரு சின்ன இழுப்பு, கம்பியில் மூன்று முடிச்சு. பிறகு சைக்கிளை ஒரு கையால் தூக்கினேன். அது கட்டே இல்லாததுபோல மேலே வந்தது. மச்சாள் அழத் தொடங்கினாள்.

ஹாஜியார் என் முடிச்சுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்ல இறுக்கம்" என்றார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். திறப்பை ரிஸ்வானின் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கதிரைக்குத் திரும்பினார்.

நெளிந்த ரிம்மைத் திருத்துவிக்க மச்சாள் இரண்டு சைக்கிளையும் ஓட்டோவில் ஏற்றினாள். என் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பஸ் நிலையம் கிட்டத்தான். ரிஸ்வானிடம் போய், தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். அதெல்லாம் இல்லை அக்கா என்றார். வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஹாஜியாருக்கு விளங்கிட்டு. ஆனா அந்தப் பாலத்தாலதான் நான் ஒவ்வொரு நாளும் போகணும்."

ஐந்தரை பஸ் நான் இல்லாமல் வவுனியாவுக்குப் போனது. நான் கெப்பின் முன்சீட்டில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன்.

மாலை 5.55. இறக்கக்கண்டிப் பாலம். மேற்கே களப்பில் வெளிச்சம் சிவந்து கிடந்தது. தேத்தண்ணீர்க் கடையில் அதே ஆட்கள், எல்லோரும் இல்லாவிட்டாலும் பாதிப் பேர். தோளில் தள்ளிய கடைக்காரரும் இருந்தார். நான் இறங்கினேன். முப்பத்தொரு வருடம் கவுன்ரருக்குப் பின்னால் இருந்து சனத்தை அதட்டியவள். அன்றைக்குத்தான் முதல் தரம் சனத்துக்கு முன்னால் என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கட்டு அவிட்டது நான்தான்" என்றேன். "அவர் ஒழுங்காய்த்தான் கட்டினவர். நான் தெரியாமல் இழுத்துப்போட்டு, அவரை ஏசினனான்."

கடைக்காரர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். குழந்தையின் தாய் பாலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அழைக்காமலே வந்தாள், குழந்தை இடுப்பில், முழங்காலில் வெள்ளைத் துணி. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

"இத்தன தூரம் திரும்பி வந்தீங்களா? அந்த டிரைவர் ஒண்டும் சொல்லல்லையே" என்றாள்.

"அதுக்காகத்தான் பிள்ளை வந்தனான்."

ரிஸ்வான் வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை. கடைக்காரர் ஒரு தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலால் நீட்டினார். அவர் குடித்து முடித்தார். பிறகு இறங்கி, வெற்றுப் பெட்டிகளின் கட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கைவைத்துப் பார்த்துவிட்டு, குச்சவெளிப் பக்கம் புறப்பட்டார். பின்கம்பியில் கயிற்று நுனி ஒரு முழ நீளத்துக்குத் தொங்கி ஆடிக்கொண்டு போனது. நான் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டு, உப்புவெளிக்குத் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.