வர வேண்டாம்னு நான் வேண்டிக்கிட்ட ஓட்டு

வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கிட்டு ஊடு ஊடாப் போறவளைப் பார்த்தா, எந்திரிச்சு வந்து கவனிக்கறது நாய் ஒண்ணுதாங்க. காலையில அங்கன்வாடி, மத்தியானத்துக்கு மேல இந்தத் தேர்தல் வேலை. கணக்கெடுக்கப் போன எடத்துல மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினாங்களா உங்களுக்கு? அப்ப நீங்க நம்மாளு, கேளுங்க.

மோரு உண்டு, கையெழுத்து இல்லை

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல எங்க ஊரு. ஆம்பளைங்க பாதிப் பேரு ரிக்கு வண்டியில வடநாட்டுக்குப் போர்வெல் போடப் போயிருவாங்க, மழைக்குத்தான் திரும்புவாங்க. ஊருல இருக்கறவங்களாச்சும் கணக்கெடுப்புப் பாரத்துல கையெழுத்து போடுவாங்கன்னு பார்த்தா, அதுவுமில்லை. கோழிப்பண்ணை ருக்மணியக்கா மோரு குடுத்தாங்க, பேனாவைத் தொடலை. "பேரு போயிருமுங்க அக்கா"ன்னு மிரட்டிப் பார்த்தேன். முட்டையை அட்டையில அடுக்கிக்கிட்டே சொன்னாங்க:

"போன தடவ ஜெயிச்சவரு நன்றி சொல்ல வந்தாரு சாமி. தோத்தவரும் கட்சி மாறி அதே கார்ல ஒக்காந்திருந்தாரு. நான் ஆருக்குப் போட்டா என்ன?"

பூட்டின ஊடு

அவங்களுக்கு அடுத்த ஊடு கந்தசாமியோடது. ரிக்கு டிரைவர். நாப்பது வயசாச்சு, பொண்ணு அமையலை, தனி ஆளு. மூணு தடவ போனேன், மூணு தடவயும் பூட்டு. இருந்த போன் நம்பரும் எடுக்கலை. "அவன் ஓட்டே போட்டதில்ல, உடு"ன்னாங்க ருக்மணியக்கா. சாயங்காலத்துக்குள்ள முடிக்கச் சொல்லி மேலதிகாரி நாலு தடவ கூப்பிட்டுட்டாரு. "சொந்த ஊடு இருக்குதுங்க சார், பொழப்புக்குத்தான் போயிருக்காரு, என்னன்னு எழுதட்டும்?"னு கேட்டேன். அவரு ஒரே போடாப் போட்டாரு:

"பொழப்புக்குப் போனவங்கன்னு அந்தப் பாரத்துல கட்டம் இருக்குதாம்மா? இருக்கற கட்டத்துல டிக் அடிங்க."

'குடிபெயர்ந்தவர்'ல அடிச்சேன். அடிக்கும்போதே மனசு கேக்கலைங்க, ஆனாலும் அடிச்சேன்.

ராய்ப்பூர்ல இருந்து ஒரு போன்

ஓட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது கந்தசாமி கூப்பிட்டாரு. "ஊரூராத் தண்ணி எடுத்துக் குடுக்கறேங்க, எங்க தெருக் கொழாய்ல காத்துதான் வருது. இந்தத் தடவ ஓட்டு போட்டே ஆகோணும், லீவு சொல்லிட்டேன்"னாரு. போனைக் காதுல வெச்சுக்கிட்டே பட்டியலைப் புரட்டினா பேரு இல்லை. புதுசாச் சேர்க்கற தேதியும் தாண்டிப்போச்சு. உண்மையைச் சொல்ல வாய் வரலைங்க. "ரெண்டு நாள் ரயிலு, எதுக்குங்க அலைச்சல்?"னு மட்டும் இழுத்தேன். பாவி நான்! அவரு சிரிச்சாரு:

"பட்டாளத்துக்காரங்களுக்குத் தபால்ல ஓட்டு இருக்குதுங்க. ரிக்கு நிக்கற எடத்துல எங்களுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதுங்களா டீச்சர்? பண்ற வரைக்கும் நாந்தான வரோணும், வாரேனுங்க!"

பூத்துக்கு வெளிய ஒரு மேசை

ஆறு நாளும் 'தவறாமல் வாக்களிப்பீர்'னு தெருத்தெருவா நோட்டீஸ் குடுத்தவ, மாரியாத்தா முன்னால நின்னு அந்த ரயிலு வரவே கூடாதுன்னு வேண்டினேன். வந்துருச்சு. ஓட்டன்னிக்கு பூத்துக்கு வெளிய பட்டியலோட ஒக்காந்திருக்கறேன், தேச்ச வெள்ளைச் சட்டையில, குளிச்ச ஈரத் தலையோட கந்தசாமி வந்து நிக்கறாரு. "நாந்தாங்க உங்க பேரை எடுக்க எழுதினேன், தப்பு என்னுது"ன்னு சொல்லிட்டேன். திட்டுவாருன்னு பார்த்தேன், திட்டியிருந்தாத் தேவலை. பட்டியலை வாங்கி, தெருக்காரங்க பேரு மேல ஒவ்வொண்ணா வெரலை வெச்சுப் பார்த்தாரு. ருக்மணியக்கா பேரு இருந்துச்சு, கையெழுத்தே போடாம, ஊட்டுல ஆளு இருந்த ஒரே காரணத்தால. அப்புறம் கேட்டாரு:

"பத்தொம்பது வருசமா நான் வர்லீங்க, என் பேரு இங்கயே நின்னுச்சு. இன்னிக்கு நான் வந்து நிக்கறேன், பேரு எங்கீங்க டீச்சர்?"

ஓட்டு போட வராத ஊரு மொத்தத்தாலயும் எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லீங்க, வந்து நின்ன அந்த ஒருத்தராலதான் கெட்டுப்போச்சு.