கடைசி மீனின் பாதி

குருநகர் மீன் சந்தையில் லூர்த்தம்மா கூவினால் ஐஸ் பெட்டிக்குள் செத்துக் கிடக்கிற மீனும் ஒருக்கால் திரும்பிப் பார்க்கும். அவளுக்குப் பக்கத்தில் இருந்து மீன் விற்கிறவன் நான். என் இடது காது மந்தமானதற்கு அவள்தான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். அவள் மறுத்ததே இல்லை.

சூடை மீனைக் கூறு கூறாகக் குவித்து வைப்பாள். "அக்கா, உதிலை பாதி தாங்கோ" என்று கேட்டால் பாதி கொடுப்பாள். பாதியில் பாதி கேட்டாலும் கொடுப்பாள். ஒற்றை மீன் மிஞ்சினால் நடுவில் வெட்டி, தலை ஒருத்திக்கு, வால் இன்னொருத்திக்கு. "உலகம் முடிஞ்சாலும் லூர்த்தம்மான்ரை கூறு முடியாது" என்று நான் பகிடி விடுவேன்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கை ஜெனிற்றா பிள்ளைத்தாச்சியானபோது இவள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். பிறக்கிற பிள்ளைக்கு இவளே ஞானத்தாய் என்று பேச்சு. கோயிலில் பிள்ளையை ஏந்திப் பிடித்து ஞானஸ்நானம் கொடுப்பிக்கிற ஆள். அதற்கென்று வாங்கிய சேலையைச் சந்தைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். அந்தச் சேலையில் ஏறிய மீன் மணத்துக்குப் பூனைகள் ஊர்வலம் வந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் கழுத்தில் புற்றுநோய் என்றார்கள். தைரொயிட்டை வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தைக் கொல்லக் கொழும்பில் கதிர் வீசுகிற அயடீன் குளிசை கொடுத்து, தனி அறையில் வைத்திருந்தார்கள். வெளியே விடும்போது டாக்குத்தர் சொல்லி அனுப்பினார்: "எட்டு நாளிலை இது பாதியாகும். அடுத்த எட்டு நாளிலை அதிலை பாதி. ரெண்டு மாசம் சின்னப் பிள்ளையளைத் தூக்காதேங்கோ. அதுக்குப் பிறகு பயமில்லை."

லவீனா பிறந்தாள். அக்காவுக்காக ஜெனிற்றா ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்தாள். டாக்குத்தர் சொன்ன காலம் முடிந்து மேலும் நாள் போனபிறகுதான் கோயிலுக்குப் போனோம். வாசலில் வைத்து ஜெனிற்றா பிள்ளையை நீட்டினாள்.

"பிடியுங்கோ அக்கா."

லூர்த்தம்மா பின்னால் போனாள். "வேண்டாமடி. இன்னும் கிடக்கு."

"முடிஞ்சுதெண்டு டாக்குத்தர் சொன்னவரெல்லே?"

"பாதி பாதியாத்தானே போகுது? பாதியிலை பாதி மிஞ்சும். அதிலையும் பாதி மிஞ்சும். நான் கூறு போடுறவள், எனக்குத் தெரியாதே?"

"விசர்க் கதை கதையாதை. சுவாமியார் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றான் லூர்த்தம்மாவின் புருசன் சிமியோன்.

"துளி கிடந்தாலும் இந்தக் குஞ்சுக்கு ஆகாது. என்னை விடுங்கோ."

கடைசியில் ஜெனிற்றாவின் மச்சாள் பிள்ளையை ஏந்தினாள். லூர்த்தம்மா அந்தச் சேலையோடு கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். சேலையைப் பற்றி நான் ஒரு பகிடி தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் லூர்த்தம்மா ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். ஜெனிற்றா வீட்டு முற்றத்தில் கோடு கீறுவாள். கோட்டுக்கு அங்கால் பிள்ளை, இங்கால் இவள். இங்கிருந்து டொபி எறிவாள், பிள்ளை பொறுக்கும். "கோட்டைத் தாண்டினா அவுட்!" பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். தூக்கிக் கொஞ்ச ஆசைப்பட்டு இவள் எறிந்த டொபியில் அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் நல்ல பல் இல்லை.

லவீனாவுக்கு நாலு வயதானபோது ஒருநாள் லூர்த்தம்மாவுக்குக் கழுத்துக் கிளினிக் வந்தது. சிமியோன் கடலில். நான்தான் கூட்டிப்போனேன். ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண் பக்கத்தில் வந்து இருந்ததும் லூர்த்தம்மா எழும்பிப்போய் மூலையில் நின்றாள். தாதி கண்டுவிட்டாள்.

"ஏனம்மா அங்கை போய் நிக்கிறியள்?"

லூர்த்தம்மா தன் கூறுக் கணக்கையும் கோயில் வாசலில் நடந்ததையும் சொன்னாள். தாதி சிரிக்கவில்லை.

"அம்மா, அது மீன் வெட்டுற மாதிரியில்லை. அணு ஒவ்வொண்டும் முழுசாத்தான் மாறிப் போகும். கூறிலை கிடக்கிற மீனைப் பூனை ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு போறதெண்டு வையுங்கோ. கடைசி மீனிலை பாதியை வைச்சிட்டோ போகும்? அதோடை, உங்களுக்குத் தந்ததிலை கனக்க மூத்திரத்தோடையே போட்டுது. ஆருக்கும் ஒண்டும் செய்யாத அளவுக்கு அது எப்பவோ குறைஞ்சிட்டுது."

"எப்பவோ எண்டா? ஞானஸ்நானத்துக்கு முந்தியோ?"

"ஓமம்மா. அதுக்கு முந்தியே."

பஸ்ஸில் அவளும் நானும் திரும்பினோம். இறங்கி நேரே ஜெனிற்றா வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசல் படலைச் சத்தம் கேட்டு லவீனா ஓடிவந்து கோட்டில் நின்றாள். லூர்த்தம்மா கோட்டைத் தாண்டினாள்.

"வாடி என்ரை குஞ்சு."

"பெரியம்மா அவுட்!" பிள்ளை கைதட்டியது.

லூர்த்தம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இன்னும் கிட்டப் போனாள். பிள்ளையின் சிரிப்பு நின்றது. ஓடிப்போய்த் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்தது.

"அங்காலை போங்கோ பெரியம்மா. கோட்டுக்கு அங்காலை!"

"போ பிள்ளை, பெரியம்மா எல்லே" என்று ஜெனிற்றா முன்னால் தள்ளினாள். பிள்ளை வீரிட்டு அழுதது.

"விடடி. இழுக்காதை" என்றாள் லூர்த்தம்மா. சந்தையையே அதிர வைக்கிற குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

திரும்பி வந்து கோட்டுக்கு இங்கால் நின்றாள். பையைத் துழாவி ஒரு டொபி எடுத்து எறிந்தாள். அது நேரே பிள்ளையின் காலடியில் விழுந்தது. இவ்வளவு காலம் எறிந்து பழகிய கை, தப்புமா?