தூங்குவதற்கு ஒரு வாசல்

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு வாடகை வீடு கட்டினோம். கட்டி முடித்த கையோடு என் வீட்டுக்காரர் அதன் வாசல் முழுவதையும், காம்பவுண்டுச் சுவர் வரைக்கும், சிமெண்ட் போட்டு மூடிவிட்டார். சிவகாசியில் பாதி வாடகை வீடுகளின் வாசல் இப்படித்தான் இருக்கும். ஒரு அரளியாவது வைப்போமே என்றேன்.

“வச்சா யாரு தண்ணி ஊத்துவா? குடிவாரவுக கூட்டுனாப் போதும், வேற சோலி இருக்கக் கூடாது” என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தாள். பிரசவ வார்டில் இரவு வேலை. அவள் புருஷன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர். சீசனில் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். வந்த சில நாளிலேயே என் ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு, “உப்பு தூக்கலா இருக்குக்கா” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே, பிடிக்கவில்லை என்றால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். என்ன குறை என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் சிமெண்ட் தன் குணத்தைக் காட்டியது. வெயில் ஏறிவிட்டால் வாசலில் வெறுங்காலை வைக்க முடியாது. அவள் படுக்கிற அறையின் ஜன்னல் அந்த வாசலைப் பார்த்தபடி மேற்கே இருந்தது. திறந்தால் அடுப்படியில் நிற்பதுபோல அனல் அடிக்கும், மூடினால் வெந்து போவாள். பகலில் தூங்க வேண்டியவள் பகல் முழுக்க விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆனி பிறந்ததும் ஒருநாள் வந்து சொன்னாள்: “அக்கா, கோவிச்சுக்கிடாதீக. நான் வேற வீடு பாக்கேன். பகல்ல ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. நேத்து பச்சப்பிள்ளைய கையில வச்சிக்கிட்டு நிக்கேன், கண்ணு சொக்குது. கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்குக்கா.”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாடகைக்கு வேறு ஆள் வரும். இவளைப் போல ஒருத்தி வர மாட்டாள். ஆவணி வரைக்கும் பொறுங்கள், ஆடியில் யார் வீடு மாறுவார்கள் என்று இழுத்துப் பார்த்தேன். “சர்ச்சுக்குப் போறவளுக்கு ஏதுக்கா ஆடி?” என்று சிரித்தாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரருக்கும் மனசு கேட்கவில்லை. ஆள் வைத்துச் சிமெண்டை உடைத்தார். அதுவரை சரி. அவர் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மேனேஜர். பச்சைப் புல்வெளி நடுவே வெள்ளை வீடு நிற்கிற படங்களை வருஷம் முழுக்கப் பார்த்துக் கண் கெட்டுப்போனவர். அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டி, “இதே மாதிரி ஆக்கிருவோம்” என்றார். மதுரையிலிருந்து புல் பாய் பாயாக வந்து இறங்கியது.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அம்புட்டு உப்பு. புல் என்ன செய்யும்? ஓரத்திலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் எட்டிப் பார்த்தால், வேலை முடிந்து வந்த நர்ஸ் யூனிபார்மைக்கூட மாற்றாமல், கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! “தூங்குறதுக்குன்னு புல்லப் போட்டீக. அந்தப் பிள்ள தூக்கத்த விட்டுட்டு அதுக்குத் தண்ணி ஊத்துது. காலண்டர்ல இருக்க புல்லுக்கு யாரு ஊத்துனா?” என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பிறகு காய்ந்த புல்லை அள்ளிப் போட்டுவிட்டு, வேறு செடி வைக்க நான் இறங்கினேன். வேர் பிடிக்கிற வரை நான் ஊற்றுவேன். அப்புறம் செடிகள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் கவனிக்காமல் எது பிழைக்கிறது என்று பார்ப்பதற்காகவே விருதுநகருக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். நாலுவழிச் சாலை நடுவே லாரிப் புகையில் அரளி பூத்துக் கிடந்தது. தரிசில் ஆவாரை. தண்டவாளத்து ஓரம் நித்தியகல்யாணி, யாரோ கொட்டிய ஜல்லிக்குள்ளிருந்து. போதுமே, இவைதான் என் ஆட்கள் என்று மூன்றையும் கொண்டுவந்து வாசலில் நட்டேன்.

ஜன்னலுக்கு நேரே மட்டும் நிழல் வேண்டும். ஆனைக்குட்டத்தில் என் தம்பி ஒரு பூவரசுப் போத்து, அப்படியே நட்டால் வேர்விடுகிற கிளை, கை தடிமனில், வெட்டிக் கொடுத்தான். என் வீட்டுக்காரர் அதை மொபட்டில் நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு வர, “என்ன அண்ணாச்சி, பந்தக்காலா? யாருக்குக் கல்யாணம்?” என்று தெருவே கேட்டது. “நட்டுட்டுச் சொல்லுதேன்” என்றார். அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

போத்து துளிர்க்கும் வரை ஜன்னல் மேல் பச்சை நிழல்வலை கட்டினோம். துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரைப் பூவரசுக்குத் திருப்பினேன். மண் காயாமலிருக்க எண்ணெய் மில்லிலிருந்து கடலைத் தோல் வாங்கிப் பரப்பினேன். ஆடிக் காற்று அதில் பாதியைத் தூக்கி எங்கள் சாம்பாரில் போட்டது. நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே சரளைக்கல்லைக் கொட்டியதும் தோல் பறப்பது அடங்கியது.

ஆவணி பிறந்தது. அவள் வீடு பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறைதான் வரும். வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். தூக்கமில்லாத நர்ஸ்தான் எப்போதும் முதல் ஆள். ஒருநாள் நண்பகலில் தண்ணீர் வந்தது. அவள் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி, “சிஸ்டர், தண்ணி!” என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் வாயைத் திறந்துகொண்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் குடங்களை நானும் என் வீட்டுக்காரருமாக நிரப்பி, சத்தம் கேட்காமல் அவள் படியில் வரிசையாக வைத்தோம்.

சாயங்காலம் கன்னத்தில் பாய் பதிந்த தடத்தோடு பதறி ஓடி வந்தாள். “தண்ணி வந்துச்சாமே அக்கா! ஒரு சத்தம் குடுத்து எழுப்பியிருக்கலாம்ல?”

“எழுப்புறதுக்கா தாயி இம்புட்டுப் பாடு பட்டோம்?” என்றேன்.