ஈசூன் காரிடார்ல ஒரு சைக்கிள் பெல்

க்ரிங்... க்ரிங்...

சைக்கிள் பெல் சத்தம் எங்க கேட்டாலும் எனக்கு சிங்கப்பூர்ல ஈசூன் அடுக்குமாடியில இருந்த பழைய வீட்டு காரிடார்தான் ஞாபகம் வரும். கூடவே ஈரத்துணி வாசமும்.

அப்ப எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. லிட்டில் இந்தியால காய்கறி இறக்குற வேலை. வீட்டுல கோப்பின்னு ஒரு குட்டி நாய். இங்க காப்பிக்குக் கோப்பின்னுதான் பேரு, அந்தக் கலர்ல இருப்பான்... பேர் வைக்க ரொம்ப யோசிக்கல.

பக்கத்து வீடு ரஹீமா அக்கா. தொழுவுற துணிய காரிடார்லதான் காயப் போடுவாங்க. ஒரு நாள் நம்ம ஆளு போய் அத நக்கிட்டான்.

அக்கா கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு.

"தம்பி, உன் நாய் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவன் நாக்கு பட்டா தொழுகைக்கு ஆகாது, நான் மறுபடி ஏழு தடவ கழுவணும். இன்னொரு தடவ ஆச்சுன்னா கம்ப்ளெய்ண்ட் பண்ணிடுவேன் லா."

ஹவுசிங் போர்டுக்குக் கம்ப்ளெய்ண்ட் போனா கோப்பிய வெச்சிருக்க முடியாதோன்னு எங்களுக்கு பயம். என் வீட்டுக்காரி அன்னைக்கு சாப்பிடல. நான் சாப்பிட்டேன்... அவ பங்கையும் சேர்த்து.

வயிறு நிறைஞ்சதும் யோசனை வந்துச்சு. பழைய சைக்கிள் பெல்லக் கழட்டி கோப்பியோட கயித்துல மாட்டினேன். வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு அடி. "அக்கா, துரை கிளம்பிட்டாரு."

"இரு தம்பி, துணிய எடுத்துக்கறேன்"னு உள்ள இருந்து வருவாங்க. எடுத்து முடிச்சதும், "ம்... துரை போகலாம்."

லிஃப்ட்லயும் அப்படித்தான். அவங்க முதல்ல, நாங்க அடுத்ததுல.

ஒரு தடவ கோப்பிக்கு வயிறு சரியில்ல. ரெண்டு நாளா பெல் சத்தம் இல்ல. அக்கா வந்து வாசல்ல தள்ளி நின்னாங்க, கையில ஒரு சட்டி.

"என்ன தம்பி சத்தத்தையே காணோம், அவன் உன்னக் கடிச்சிட்டானா? வயிறு சரியில்லைன்னு உன் வீட்டுக்காரி சொன்னா. இந்தா, வெறும் கஞ்சி, உப்பு போடல. சட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துராத, அவனே வெச்சுக்கட்டும்."

அந்தச் சட்டிலதான் கோப்பி கடைசி வரைக்கும் சாப்பிட்டான். கடைசி வரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் போகல. இதச் சொல்லும்போது இப்பவும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

இப்ப பொங்கோல்ல இருக்கோம். நாய்ங்க குழந்தைங்க மாதிரி தள்ளுவண்டில போகுதுங்க, எனக்குத்தான் லிஃப்ட்ல இடம் இல்ல. எங்க பிளாக் ஆளுங்க சாட் குரூப்ல தினமும் சண்டை... நாய் லிஃப்ட்ல வரலாமா, கூடாதா. போட்டோ எடுத்துப் போடுறாங்க. பக்கத்து வீட்டுக் கதவத் தட்டத்தான் ஆள் இல்ல.

போன நோன்புப் பெருநாளைக்கு ரஹீமா அக்காவப் பார்க்க ஈசூன் போனேன். கோப்பி இல்ல, பெல் மட்டும் பாக்கெட்ல. காரிடார்ல நின்னு ஒரு அடி அடிச்சேன்.

உள்ள இருந்து அதே குரல்.

"இரு தம்பி... துணிய எடுத்துக்கறேன்."