சாராய பங்களா சவரியம்மாள்

கல்யாணத்துக்கு முன்பே போட்டோ எடுக்க வந்த ஜோடியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, "மூக்க வச்சு மோந்து பாருங்க. சாராய வாசன வருதா?" என்கிறார் சவரியம்மாள். தண்ணீருக்குப் பதில் சாராயம் ஊற்றிச் சுண்ணாம்பு குழைத்தார்களாம். பக்கத்தில் நின்று ஊற்றியவர் மாதிரியே சொல்வார். பத்துக்கு ஒன்பது பேர் வருகிறது என்பார்கள். சவரியம்மாள் சிரிப்பதே இல்லை.

கணவர் தேவனாம்பட்டினத்தில் படகு ஓட்டுகிறார். மஞ்சக்குப்பத்துப் பங்களாவின் சாவிக்கொத்து இருபது வருஷமாக இவர் இடுப்பில். சாராயம் காய்ச்சி விற்ற குடும்பம் கட்டிய வீடு. ஒரு வருஷச் சாராயக் குத்தகைப் பணம் தேக்குத் தூணாக நின்றது. அடுத்த வருஷக் குத்தகை பளிங்குத் தரையானது. இரண்டாம் மாடிக்குப் படி கட்டி முடித்த மாதம் மதுவிலக்கு வந்தது. படி இருக்கிறது, மாடி இல்லை. "ஏறுங்க, ஆனா எங்கயும் போவாது" என்று அதையும் காட்டுவார்.

அந்தக் குடும்பத்து வாரிசு, பேங்க்கில் ரிட்டையரான பொன்னுரங்கத்துக்கு இந்தக் கதை வேப்பங்காய். மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் சாராயக்காரன் வீடு என்று எழுந்து போயிருந்தன. மூன்றாவதாகச் சிதம்பரத்திலிருந்து வருகிற மாப்பிள்ளையின் அம்மா ஞானாம்பாளோ, கணவரைக் குடிக்குக் கொடுத்தவர். கேட்டால் சர்க்கரை ஆலை என்று சொல்லும்படி சவரியம்மாளுக்கு உத்தரவு.

சொன்னார். சாராயத்தின் காரம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் பாலில் தண்ணீர் பார்ப்பது என்றார். பீப்பாய் அடுக்கிய நிலவறையில் வாயாலேயே சர்க்கரை மூட்டை அடுக்கினார். ஞானாம்பாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் போனை நீட்டினார். போன வாரத்து ஜோடி போட்ட வீடியோ. சவரியம்மாள் அதில் சுவரை மோந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன்ல சாராயம். நேர்ல சக்கரையா?"

பொன்னுரங்கம் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். காபித் தட்டோடு வந்த சிந்துஜா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பொய்யி என்னுது தாங்க," என்றார் சவரியம்மாள். "உள்ளதச் சொல்லு, வந்தா வரட்டும்னு சிந்துஜா பாப்பா சொல்லுச்சு. நாந்தான் கேக்கல. ரெண்டு எடம் என் வாயாலயே போச்சு."

"பெத்த பொண்ணாட்டம் பேசுறீங்க. உறவா?"

"இல்லீங்க. நான் சாவி வச்சிருக்கிறவ."

ஞானாம்பாள் போனை அணைத்தார். "தெரிஞ்சுதான் வந்தேன். குடிச்சது எங்க வூட்டுக்காரரு. அதுக்கு இந்தப் பொண்ணு என்னா பண்ணும்?"

பையிலிருந்து வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்தார். சம்மதம் என்றால் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். கணவரை இழந்தவர் வைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அதற்கென்றே கூட அழைத்து வந்த நாத்தனார் கையை நீட்டினார். ஞானாம்பாளோ அவரைத் தாண்டிப்போய்ச் சவரியம்மாளிடம் கொடுத்தார்.

சவரியம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்தார். பிறகுதான் வாங்கினார்.