நிழல்கூட விழாத படங்கள்

செல்வத்தின் மகள் சௌமியா கேட்ட படம் நம் பழைய கார் குழுவின் தொகுப்பில் இல்லை. சர்புதீன் தான் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, நேற்று துபாயிலிருந்து போனில் சொன்னார்.

"எல்லாத்துலயும் வண்டி இருக்குண்ணே. செல்வம் ஒண்ணுலயும் இல்ல."

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2006. நான் சென்னையில் நிருபர். கார் வைத்திருப்போருக்கான இணையக் குழு ஒன்றில், எல்லாரும் ஆங்கிலத்தில் டயரும் மைலேஜும் பேசும் இடத்தில், என் வெள்ளை மாருதியின் படத்தைப் போட்டேன். நம்பர் பிளேட்டில் என் சொந்த ஊர் எண், டி.என். 46.

அரைமணி நேரத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி வந்தது. "நம்ம பெரம்பலூர் வண்டிங்களா? எந்தப் பக்கம்?" லப்பைக்குடிக்காட்டு சர்புதீன்.

மறுநாள் செல்வம் எழுதினார். அரியலூரில் சிமென்ட் ஆலை மேற்பார்வையாளர், பச்சை ஃபியட்காரர். "சார், உங்க வண்டிய பெரம்பலூர் பாலக்கரையில பாத்திருக்கேன். பின் பம்பர்ல இடது பக்கம் ஒரு நெளிசல் இருக்குமே?"

இருந்தது.

முகம் தெரியாமலே மாதக்கணக்கில் பேசினோம். மூவரும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை... 2007 பொங்கல் லீவில், ரஞ்சன்குடி கோட்டைக்குக் கீழே. காலை வெயில், பாலிஷ் வாடை. செல்வம் கையில் பழைய பனியன் துணி. "ராத்திரி தொடச்சா காலையில மறுபடியும் சிமென்ட் தூசி சார். இதுக்கு நான் வாக்கப்பட்டுட்டேன்" என்று சிரித்தார்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தில் வண்டி மட்டும்தான். பக்கத்தில் ஆள் நின்றால், "கல்யாண ஆல்பமா?" என்று கிண்டல் வரும். கேமரா பிடித்தவர் கண்ணாடியில் தெரிந்தால்கூட அந்தப் படத்தைத் தள்ளிவிடுவோம்.

அன்று கேமரா என் கையில். ஃபியட்டின் பானெட்டில் செல்வத்தின் நிழல் விழுந்தது.

"செல்வம், கொஞ்சம் தள்ளிக்கங்க."

"இந்த மூஞ்சி யாருக்கு வேணும் சார்? வண்டி நல்லா வரட்டும்" என்று வேப்பமரம் வரை நகர்ந்து போய் நின்றார்.

"இன்னும் தள்ளிப் போங்கண்ணே, அப்படியே அரியலூர் போய்ச் சேந்துருங்க" என்றார் சர்புதீன். மூவரும் சிரித்தோம்.

அந்த வருடமே செல்வம் மாரடைப்பில் போய்விட்டார். சௌமியாவுக்கு அப்போது நான்கு வயது. வீட்டில் இருப்பது ஒரு பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டது. போன மாதம் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். "அப்பா எப்படிச் சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாது அங்கிள். அந்தக் காரோட நிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்புங்க."

தள்ளிப் போகச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது நம் குழுவில் புது வண்டி எடுத்தவர் முதலில் போடுவது, சாவியோடு தன் முகத்தை. பின்னால் வண்டி பாதிதான் தெரிகிறது. முன்பெல்லாம் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, சேமித்து வைக்கிறேன்.

ஒரு தகவல் பாக்கி இருக்கிறது. அன்று சர்புதீனின் மச்சானும் வந்திருந்தார், ஒரு பிலிம் கேமராவோடு. கார் பைத்தியம் இல்லாதவர். எங்கள் வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். அந்த நெகட்டிவ் சுருள் லப்பைக்குடிக்காட்டு வீட்டில் கிடைத்து, நேற்று திருச்சி ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது. ஈரத்தில் ஒட்டியிருக்கிறதாம். எத்தனை தேறும் என்று ஸ்டூடியோக்காரர் உறுதி சொல்லவில்லை.

இதையும் அவளிடம் அப்படியே சொன்னேன்.

"முகம் இல்லாட்டியும் பரவால்ல அங்கிள். ஓரத்துல கை தெரிஞ்சாலும் அனுப்பிடுங்க. தள்ளி வச்சுடாதீங்க."

வியாழக்கிழமை மாலை தெரியும்.