சட்டைப் பெட்டி மூடியில் ஒரு பாதம்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குத் தெற்கே நான்காவது கடை பூவனநாதனுடைய ஃபேன்சி ஸ்டோர். 1971ஆம் வருடம் ஆவணி மாதம் திறந்தது. அகலம் ஏழடி, நீளம் பதினொன்றரை அடி. ரிப்பன், வளையல், சாந்து, பவுடர், கொண்டை ஊசி என்று எல்லாமே மதுரையிலிருந்து வந்த சரக்கு. ஒன்று மட்டும் உள்ளூரிலேயே, அவர் வீட்டிலேயே பிறந்தது. கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில், வெள்ளை அட்டையில் குத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் தோடுகளும் டாலர்களும்தான் அது. அவற்றை அவர் மனைவி கல்யாணசுந்தரி செய்தாள்.

அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1976 தை மாதம் ஒரு நாள், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவள் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ரெடிமேட் சட்டைப் பெட்டியின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி கிடந்தது. திரும்பிப் பார்க்கையில் அதன் ஒரு மூலை சூட்டில் நெளிந்து, சுருண்டு, கனத்துப் போயிருந்தது. அந்த மூலையில் மையால் எழுதியிருந்த 38 என்ற சட்டை அளவு, மிளகு அளவில், ஆனால் ஒரு கோடு கூடச் சிதையாமல் இருந்தது. அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். மறுவாரமே முதல் தோடு செய்துவிட்டாள்.

முறை இதுதான். மூடியின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அதில் மயிலோ, மாங்காயோ, பெண்பிள்ளைகள் பெயரின் முதலெழுத்தோ, எதுவானாலும் பெரிதாக வரைந்து கலர் பென்சிலால் தீட்ட வேண்டும். கத்தரித்து, துளை போட வேண்டும். சுட்ட பிறகு துளை போட்டால் விரிசல் விட்டுவிடும். தோசைக்கல்லில் முகப்பவுடர் தூவி, ஸ்டவ்வைச் சிறிதாக எரியவிட்டு, துண்டைப் போட்டால் அது உயிருள்ளதுபோல் நெளியும், சுருளும், பிறகு தானாகவே படுக்கும். படுத்ததும் எடுத்து எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்த வேண்டும். ஐந்து அங்குலம் இரண்டாகும். சில கம்பெனி மூடிகள் இரண்டேகாலோடு நின்றுவிடும். அந்த வீட்டில் எதையும் பெரிதாக வரைவது சிறிதாக்குவதற்குத்தான்.

மூடிகள் பக்கத்துக் கடையான சௌந்தரபாண்டியனின் ரெடிமேட் கடையிலிருந்து வந்தன.

"வே பூவனம், நான் சட்டை விக்கேன், நீரு மூடி விக்கீரு. ஒம்ம கடையிலதான கூட்டமா இருக்கு!" என்பார் அவர்.

"அண்ணாச்சி, சட்டையையும் கல்லுல போட்டுச் சுருக்கித் தாரேன். சின்னப் பிள்ளைகளுக்கு வித்துருங்க" என்பார் பூவனநாதன்.

அவர்களுக்கு ஒரே குழந்தை. பெயர் கிருஷ்ணவேணி. 1974 ஜூலை 12இல் பிறந்தாள். அம்மா வரையும்போது பக்கத்தில் குந்தியிருந்து, பிளாஸ்டிக் நெளிவதைப் பார்த்துத் தானும் உடம்பை நெளிப்பாள். 1980 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு மூடி ஒன்றின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"யம்மா, எங் காலை டாலரா ஆக்கித் தா."

"கழுத்துல காலைத் தொங்கவிட்டுட்டு எவட்டி திரிவா?"

"நாந்தான் திரிவேன். தரையில ரெண்டு காலு, கழுத்துல ஒரு காலு. மொத்தம் மூணு."

தரையில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பூவனநாதன் சிரித்தார். "மூணு காலோட போனா டீச்சர் பெஞ்சுமேல ஏத்தி நிப்பாட்டுவாவ."

கல்யாணசுந்தரி சிவப்புப் பென்சிலால் வலது பாதத்தைச் சுற்றி வரைந்தாள். சுண்டுவிரல் பக்கம் வரும்போது குழந்தை கூச்சத்தில் துள்ளியதால் கோடு ஓர் இடத்தில் வெளியே ஓடிவிட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.

"இப்பவே சுடும்மா."

"இந்த மூடியில பதினோரு தோடு வரும்ட்டி. தீவாளிக்கு எத்தனை பேரு கேட்டிருக்காவ! தீவாளி முடியட்டும்."

மூடியை அவள் வெட்டவும் இல்லை, தோட்டுக்கு எடுக்கவும் இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்தாள். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 7. பதினாறாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, வாடகைக் காரில் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கயத்தாறு தாண்டியதும் தாயின் மடியில் கிடந்த கை தளர்ந்தது. மணி காலை ஒன்பது ஐம்பது. டிரைவர் காரைத் திருப்பினார்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்புவதற்குள் பூவனநாதனின் அக்காள் முத்துமாரியம்மாள் வீட்டை ஒழித்துவிட்டாள். பாவாடை, செருப்பு, சிலேட்டு, பல் விளக்கும் பிரஷ் வரைக்கும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பியாயிற்று. "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா இவ எழுந்திரிக்க மாட்டா, தம்பி" என்றாள். வழக்கம் அப்படித்தான். அவள் நல்லதுக்குத்தான் செய்தாள். மொட்டை போட்டுக் காது குத்தியபோது எடுத்த ஒரு போட்டோ மட்டும் சுவரில் நின்றது. அதில் வேணிக்கு வயது ஒன்று. சுவரோரம் சாய்ந்திருந்த மூடியைக் கடைச் சரக்கு என்று நினைத்து யாரும் தொடவில்லை.

அதன்பிறகு கல்யாணசுந்தரி சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பவுடர் டப்பாவை மட்டும் எடுக்கவில்லை. கடையில் வெள்ளை அட்டை ஒவ்வொரு துளையாகக் காலியாகிக்கொண்டு வந்தது. கல்லூரிப் பெண்கள் வந்து, "அண்ணாச்சி, மயில் தோடு இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூவனநாதன் காலை எட்டரைக்குக் கடை திறப்பார். மதியச் சாப்பாடு தூக்குவாளியில் அங்கேயே. இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பினால், அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிடுவார். பத்து மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாக்கியத்தை நீட்டிப் பேசியதில்லை.

1981 ஆகஸ்ட் கடைசியில் ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். கூறைச் சேலைக்கு அடியில், பழைய வேட்டியில் சுற்றி, அந்த மூடி. சிவப்புக் கோட்டில் பாதம்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. பிள்ளை வாய்விட்டுக் கேட்டது. தாய் தள்ளிப்போட்டாள். பிள்ளை போய்விட்டது. அந்த முடியாத வேலைதான் அவளை உள்ளே அரிக்கிறது. முடிக்கவும் மனம் வராமல் எறியவும் மனம் வராமல் ஒளித்து வைத்திருக்கிறாள்.

சௌந்தரபாண்டியனிடம் சொன்னார். "அண்ணாச்சி, கேட்ட பிள்ளை போயிட்டு. அவ கேட்டதையாவது செஞ்சு கொடுத்திருவமா?"

சௌந்தரபாண்டியன் தலையாட்டினார். "செய்யும்வே. கையில வாங்குனா அழுவாவ. அழுதுட்டா பாரம் குறையும்."

செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. கல்யாணசுந்தரியின் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. அவள் காலை ஏழேகால் பஸ்ஸில் போனாள். பூவனநாதன் அன்று கடை திறக்கவில்லை.

அவர் அதுவரை ஒரு தோடுகூடச் செய்ததில்லை. ஆனால் ஏறக்குறைய ஐந்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர். கோட்டை ஒட்டிக் கத்தரித்தார். விரல்களைப் பிரித்து வெட்ட மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தை துள்ளிய இடத்தில் வெளியே ஓடியிருந்த கோட்டைப் பிசகு என்று எண்ணி, சுண்டுவிரலைத் தம் கண்ணுக்குச் சரியென்று பட்டபடி வளைத்து வெட்டினார். குதிகாலில் துளை போட்டார். பவுடர் தூவினார். கல்லில் போட்டதும் பாதம் கட்டைவிரலைத் தூக்கியது. பிறகு குதிகாலைத் தூக்கியது. நடக்கிறதுபோல் இருந்தது. அவர் வாய்விட்டு, "மெல்ல, மெல்ல" என்றார். அது சுருங்கி அடங்கிப் படுத்தது. டம்ளரால் அழுத்தினார். ஆறியதும் பார்த்தார். இரண்டே முக்கால் அங்குலம். கோடு இரத்தச் சிவப்பாக ஓடியது. அவள் செய்த எதற்கும் குறைவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்து, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த நகைப்பெட்டியில் பஞ்சுமேல் வைத்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

மாலை ஐந்து மணிக்கு அவள் வந்தாள். கால் கழுவி உள்ளே வந்ததும் பெட்டியை நீட்டினார்.

"என்னது?"

"திறந்து பாரு, சுந்தரி. வேணி கேட்டது."

அவள் திறந்தாள். பார்த்தாள். டாலரைக் கையில் எடுக்கவில்லை. டிரங்குப் பெட்டிக்குப் போனாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். வேட்டியை உதறினாள்.

"மூடி எங்க?"

"அதுலதான செஞ்சேன்."

"முழுசும் வெட்டிட்டீயளா?"

"பின்ன? கோட்டை ஒட்டித்தான் வெட்டினேன். ஓரம் குப்பையில போச்சு. மத்தியானமே வண்டிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். ஏட்டி, நல்லா வரலையா?"

"நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் குரல் அமைதியாகத்தான் இருந்தது. தரையில் உட்கார்ந்தாள். "நீங்க கடைக்குப் போன பெறகு, மத்தியானம் சோத்தை வடிச்சிட்டு, அதை எடுத்துத் தரையில வைப்பேன். கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கைய அதுமேல வைப்பேன். இவ்வளவு காலு... சேத்தோட வருமே, கழுவி விடுவமே, அந்தக் காலு. அம்புட்டுத்தான். பெறகு சுத்தி வச்சிருவேன்."

பூவனநாதன் அவள் உதறிப்போட்ட வேட்டியை எடுத்தார்.

"எங்கிட்டச் சொல்லலியே நீ."

"எதைச் சொல்ல? பைத்தியம்னு சொல்லுவீய."

"அவ கேட்டாள்லா..."

"கேட்டா. அவ கேட்டதைச் செஞ்சிட்டீய. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் அக்காளும் அவரைக் கேட்காமல்தான் மூட்டை கட்டினாள். அன்று அக்காளின்மேல் அவருக்கு வந்த கோபம் இப்போது நினைவுக்கு வந்தது. அதை வைக்க இடம் இல்லை.

அவள் கேட்டாள்: "சுடுறதுக்கு முன்னாடி அளவு எடுத்தீயளா?"

இல்லை. குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை எத்தனை அங்குலம் என்று அவர் பார்க்கவில்லை. அவளும் அளந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உயரம் எழுதுவார்கள், எடை எழுதுவார்கள், பாதம் எழுத மாட்டார்கள். செருப்பு போய்விட்டது.

மறுநாளும் பூவனநாதன் கடை திறக்கவில்லை. காலையில் பழுப்புத்தாளும் அடிக்கோலும் வாங்கிவந்து தரையில் விரித்தார். சுருங்கினதைத் திரும்பப் பெருக்கிவிடலாம், கணக்குத்தானே என்று நினைத்தார். ஐந்து இரண்டானால், இரண்டே முக்கால் முன்பு ஆறேமுக்காலும் ஒரு நூலும், ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. டாலரைப் பார்த்துப் பார்த்து அந்த அளவில் ஒரு பாதம் வரைந்தார். அவள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்தக் கம்பெனி மூடிங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இரண்டேகாலுல நிக்கிற மூடியா இருந்தா?" என்றாள்.

அப்படியானால் ஆறு அங்குலமும் கொஞ்சமும். அதையும் இன்னொரு தாளில் வரைந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் முக்கால் அங்குலம் வந்தது. வளரும் பிள்ளைக்கு அது இரண்டு வருடம். ஒன்று ஐந்து வயதுப் பாதம், மற்றது ஏழு வயதுப் பாதம். வேணி இறந்தபோது ஆறு வருடமும் நான்கு மாதமும் ஏழு நாளும்.

"ஒன் கைக்குத் தெரியும், சுந்தரி. வச்சுப் பாரு."

அவள் பெரிய தாளின்முன் உட்கார்ந்தாள். கண்ணை மூடி உள்ளங்கையை வைத்தாள். எடுத்துச் சிறியதன்மேல் வைத்தாள். மறுபடியும் பெரியது. பூவனநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் தண்ணீர் வண்டி வந்து, பெண்கள் குடத்தோடு சத்தம் போட்டு, வண்டி போய்விட்டது. அவள் கை இரண்டு தாளுக்கும் இடையே போய்ப்போய் வந்தது.

"சுண்டுவிரல் இப்படி இருக்காதுங்க. கொஞ்சம் வெளிய விலகி இருக்கும்."

"கோடு அங்க தப்பா ஓடியிருந்துச்சு. நான்தான் சரி பண்ணினேன்."

"தப்பில்ல. அவ துள்ளினா."

அவர் அழிரப்பரை எடுத்தார். இரண்டு தாளிலும் சுண்டுவிரலை அழித்தார். எவ்வளவு விலகும் என்று கேட்டார். அவள் காட்டினாள். இல்லை, இன்னும் கொஞ்சம் என்றாள். இல்லை, அவ்வளவு இல்லை என்றாள். தாள் அந்த இடத்தில் நைந்துவிட்டது.

கடைசியில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முந்தாநாள் வரைக்கும் தெரியும்" என்றாள். "இப்பத் தெரியலங்க."

அவர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இருவரும் இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நடந்துட்டுப் போன காலு" என்று சிறியதைக் காட்டினாள். "இது இன்னும் வராத காலு. நடுவுல இருந்ததுதான் நம்மகிட்ட இல்ல."

பூவனநாதன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்துபோய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.